முலாமின் கனம்: உரைகல்லும் நெருப்பும் நீரும்

‘முலாம்’ என்பது பொற்கொல்லர் பட்டறையிலிருந்து மேடைப் பேச்சுவரை தமிழில் தாராளமாகப் புழங்கும் சொல். அரபியின் ‘முலம்மஃ’ என்பது உருதுவின் வழியே நம்மை வந்தடைந்து முலாம் ஆயிற்று என்று அகராதியாளர் கொள்வர். அரபு நூல்களோ இத்தொழிலைப் பெரும்பாலும் ‘தம்வீஹ்’ என்றே குறிக்கின்றன. நீர் என்று பொருள்படும் ‘மாஉ’ என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்தது அது. செம்பின்மேல் வெள்ளிநீரையோ பொன்நீரையோ ஓடவிடுதல் என்பது அதன் முதற்பொருள். பொய்யை மெய்போலக் காட்டுதல் என்பது பின்னர் அதன்மேல் ஏறிய பொருள். அந்நீரின் ஆழம் எவ்வளவு என்று கேட்டவர்கள் யார், எதற்காகக் கேட்டார்கள், எவ்வாறு அளக்க முயன்றார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள்.

கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77ஆம் (கி.பி. 696-97) ஆண்டில் தீனாரையும், இரண்டாண்டுகள் கழித்துத் திர்ஹத்தையும் சீர்திருத்தி வெளியிட்டபோது, தீனார் ஒரு மிஸ்கால், அதாவது ஏறத்தாழ 4.25 கிராம் எடையுடையதாக இருந்தது. பத்துத் திர்ஹம் ஏழு மிஸ்காலுக்குச் சமம் என்னும் விதிப்படி திர்ஹத்தின் எடை 2.97 கிராம் அளவில் நின்றது. அந்நாளைய காசின் மதிப்பு அதன் உடலில் இருந்தது. முத்திரை அவ்வுடலுக்கு ஆட்சியாளர் அளித்த சாட்சி மட்டுமே. ஆகையால் வெள்ளி குறைந்த காசு வேறு, வெள்ளி பூசிய காசு வேறு. எகிப்தில் ஃபாத்திமிய, அய்யூபிய ஆட்சிக் காலங்களில் புழங்கிய ‘வரக்’ திர்ஹங்களில் வெள்ளி மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. அது ஊரறிந்த செய்தி, சந்தையும் அதற்கேற்பவே விலை வைத்தது. பூசிய காசோ தன் தோலைக் காட்டி உடலை மறைக்கிறது. இப்னு கல்தூன் (இறப்பு 1406) தம் முகத்திமாவில் இரசவாதத்தை மறுக்கும் பகுதியில், வெள்ளிக்குப் பொன்னும் செம்புக்கு வெள்ளியும் பூசி, அவற்றில் அரச முத்திரையையும் பதித்து மக்களிடம் தள்ளிவிடுவோரைப் பற்றி எழுதும்போது, எப்போதும் நிதானமான அவருடைய நடையில் சினம் ஏறிவிடுவதைக் காணலாம்.

பூசிய காசுக்கு ஹனஃபீ சட்ட நூல்களில் தனிப்பெயரே உண்டு: ‘ஸத்தூகா’. பாரசீகத்தின் ‘ஸே தூ’, அதாவது மூன்று மடிப்பு என்பதன் அரபு வடிவம் அது என உரையாசிரியர்கள் விளக்குகின்றனர். மேலே வெள்ளி, கீழே வெள்ளி, நடுவே செம்பு. ஒரு காசின் குறுக்குவெட்டுத் தோற்றத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள்! இதனோடு சேர்த்துப் பேசப்படும் வேறு இரண்டு உண்டு. பைத்துல்மால் ஏற்க மறுக்கும் மட்டமான திர்ஹம் ‘ஸுயூஃப்’. வணிகரும் மறுக்குமளவுக்குத் தாழ்ந்தது ‘நபஹ்ரஜா’. இவ்விரண்டும் குறையுடையவையாயினும் திர்ஹம் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. ஸத்தூகா அவ்வினத்தையே சேராதது. இது வெறும் சொல்லாய்வு அன்று. அல்-மர்கீனானீ (இறப்பு ஹிஜ்ரி 593/1197) அவர்களின் ‘அல்-ஹிதாயா’வில் சத்தியங்களைப் பற்றிய பாடத்தில் வரும் ஒரு சட்டப் பிரச்சினையைப் பாருங்கள். இன்றைக்குள் கடனை அடைப்பேன் என்று சத்தியம் செய்தவன் அடைத்துவிடுகிறான். வாங்கியவன் பின்னர் பார்க்கும்போது காசுகளில் சில ஸுயூஃபாகவோ நபஹ்ரஜாவாகவோ இருந்தால் சத்தியம் முறியவில்லை. ஈயமாகவோ ஸத்தூகாவாகவோ இருந்தால் முறிந்தது. கொடுத்தவன் உண்மையிலேயே கொடுத்தானா என்பது காசின் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து நிற்கிறது.

தமிழகக் கடற்கரை ஊர்களில் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ சட்ட மரபில் இதே கேள்வி வேறிரு வாயில்கள் வழியே நுழைகிறது. முதலாவது ஸகாத். கலப்படமான வெள்ளியில், அதிலுள்ள தூய வெள்ளி மட்டும் நிஸாபை எட்டும்வரை ஸகாத் இல்லை என்பது இமாம் நவவீ (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 676/1277) அவர்களின் ‘மின்ஹாஜ்’ கூறும் சட்டம். நிஸாப் 200 திர்ஹம், இன்றைய அளவில் 595 கிராம். ஹனஃபீ சட்டத்தில் எது மிகுதியோ அதுவே கணக்கு: வெள்ளி மிகுந்தால் அது வெள்ளி, கலப்பு மிகுந்தால் அது சரக்கு. ஷாஃபிஈ சட்டத்தைப் பின்பற்றுபவருக்கோ மிகுதி எது என்று தெரிந்தால் போதாது. உள்ளே எத்தனை கிராம் என்பது வேண்டும்.

இரண்டாவது வாயில் இன்னும் சுவையானது. பொன், வெள்ளிப் பாத்திரங்களைப் பயன்படுத்தலாகாது. அவ்வாறாயின் முலாம் பூசிய பாத்திரம்? கூடும் என்பதே வலுவான கருத்து என மின்ஹாஜ் கூற, விரிவுரையாளர்கள் அதற்கு ஓர் எல்லை வகுத்தனர். பாத்திரத்தை நெருப்பில் காட்டினால் அதிலிருந்து பொன்னோ வெள்ளியோ ஏதேனும் திரண்டு கிடைக்குமானால் கூடாது. ஒன்றும் கிடைக்காதென்றால் கூடும். பொன் பாத்திரத்துக்குச் செம்பு பூசியிருந்தாலும் இதே அளவுகோல்தான் திருப்பிப் பிடிக்கப்படுகிறது. நெருப்பு இங்கே ஓர் அளவுகருவி. மில்லிமீட்டரும் நுண்ணோக்கியும் இல்லாத உலகில், ‘இந்தக் கனத்துக்கு மேல் அது பொருள், இதற்குக் கீழ் அது நிறம்’ என்று பூச்சின் கனத்துக்குச் சட்டம் வரைந்த கோடு அது என்று கொள்ளலாம்.

சரி, சந்தையில் உட்கார்ந்திருக்கும் நாணயமாற்று வணிகன் என்ன செய்வான்? அவனிடம் உரைகல் உண்டு. தெரிந்த மாற்றுள்ள ஊசிகளின் கோட்டையும், ஐயத்துக்குரிய பொருளின் கோட்டையும் அருகருகே உரைத்து நிறம் பார்க்கும் முறை பாரெங்கும் பொது. தமிழில் கட்டளைக்கல் என்பதும் மாற்று என்பதும் பழஞ்சொற்கள். அக்பரின் அக்கசாலையில் இத்தொழில் ‘பன்வாரி’ என்ற பெயரில் நடந்ததை அபுல் ஃபஸ்ல் ஆயினே அக்பரீயில் விரித்துரைக்கிறார். உரைகல்லின் குறை அதன் இயல்பிலேயே இருக்கிறது. அது தொடுவது தோலை மட்டும். பூச்சு கொஞ்சம் கனமாக இருந்துவிட்டால், கல் வெள்ளியென்றே சாட்சி சொல்லும். அதன்மீது குற்றமும் இல்லை, அது தொட்டது வெள்ளிதான்.

நெருப்பு பொய் சொல்லாது. அய்யூபிய சுல்தான் அல்-காமிலின் (ஆட்சி 1218-1238) காலத்தில் எகிப்திய அக்கசாலையில் பணியாற்றிய மன்ஸூர் இப்னு பஃரா எழுதிய நூலும், அதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்னர் யமனின் அல்-ஹம்தானீ பொன், வெள்ளி ஆகிய இரு உலோகங்களைப் பற்றி எழுதிய ‘கிதாபுல் ஜவ்ஹரதைன்’ நூலும் புடமிட்டுத் தூய்மை காணும் தொழிலை நுணுக்கமாகச் சொல்கின்றன. ஆனால் நெருப்பில் இட்ட காசு திரும்பி வருவதில்லை. முஸ்லிம்களிடையே செல்லுபடியாகும் காசைத் தக்க காரணமின்றி உடைப்பதைத் தடுக்கும் ஓர் அறிவிப்பு அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பர் ஹதீஸ் கலையினர். எனினும் உடைக்காமல் உள்ளே பார்க்க வழி உண்டா என்ற கேள்வியின் அவசரத்தை அது நமக்கு உணர்த்துகிறது. ஆயிரம் காசுள்ள பையில் ஐந்தாறைத்தான் உருக்கிப் பார்க்கலாம். எஞ்சியவற்றின் கதி?

இங்கேதான் நீர் வருகிறது.

நீரில் அமிழ்ந்த பொருள் தன் பருமனுக்குச் சமமான நீரின் எடையை இழக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. அவர் பெயரை முஸ்லிம் அறிஞர்கள் நன்றியுடனேயே குறிப்பிட்டு வந்தனர். அதைக் கதையிலிருந்து கருவியாக்கி, எண்களை நிறுவியவர்களில் முதன்மையானவர் குவாரிஸ்மில் 973இல் பிறந்த அல்-பீரூனீ. வாய்ப்புறம் குறுகிய கூம்பு வடிவக் கலம். அதன் பக்கத்தில் ஒரு குழாய். உலோகத்தை இட்டதும் வழியும் நீரைத் தராசுத் தட்டில் ஏந்துதல். கேட்க எளிதாக இருக்கிறது. குழாயில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் சில துளிகளே அவருக்குப் பெருந்தொல்லையாயின. அவற்றுக்காகக் கருவியை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி அமைத்தார். எந்த நீர், எந்தப் பருவத்து நீர் என்பதையும் குறித்துவைத்தார். அறிவியல் வரலாறு எழுதுவோர் பீரூனீயின் எண்களைப் புகழ்வதற்குச் செலவிடும் பக்கங்களில் பாதியையாவது இந்தத் துளிகளுக்கு ஒதுக்கலாம் என்பது எமது எண்ணம்.

அவருக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 515இல் (1121-22) மர்வ் நகரில் அப்துர் ரஹ்மான் அல்-காஸினீ ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலை எழுதி முடித்தார். ஞானத் தராசு என்று பொருள். ஸல்ஜூக் சுல்தான் ஸன்ஜரின் கருவூலத்துக்காக எழுதப்பட்ட நூல் அது. ஆசிரியர் ரோமானிய, அதாவது பைசாந்திய மரபில் வந்த ஓர் அடிமை. மர்வின் கருவூலக் காப்பாளராக இருந்த எசமானரின் வீட்டில் கல்வி பெற்று உரிமை பெற்றவர். சுல்தான் அனுப்பிய ஆயிரம் தீனாரைத் தமக்குத் தேவையில்லை என்று திருப்பிவிட்டார் என அவர் வரலாற்றை எழுதிய ளஹீருத்தீன் பைஹகீ கூறுகிறார். (இவர் ஹதீஸ் தொகுப்பாளரான இமாம் பைஹகீ அல்லர்.) அந்தப் பைஹகீயே இன்னொரு செய்தியையும் தருகிறார். காஸினீக்கு முன்னவரான அல்-அஸ்ஃபிஸாரீ, கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும் தராசு ஒன்றைப் பல்லாண்டு உழைத்துச் செய்து சுல்தானின் கருவூலத்தில் ஒப்படைத்தார். அங்கிருந்த பொருளாளர், தன் கையாடல் வெளிப்பட்டுவிடும் என அஞ்சி அதை உடைத்து நொறுக்கிவிட்டார். செய்தி கேட்ட அஸ்ஃபிஸாரீ அத்துயரிலேயே நோயுற்று மாண்டார்.

ஒரு தராசு உடைக்கப்பட்டதைவிட, அது வேலை செய்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

காஸினீ அதை மீண்டும் செய்தார், திருத்தியும் செய்தார். நான்கு முழ நீளமுள்ள துலாக்கோல், ஐந்து தட்டுகள், அவற்றுள் ஒன்று நீரில் மூழ்குவது, வேறு சில கோலின்மேல் நகர்த்தக் கூடியவை. ஆயிரம் மிஸ்கால் பாரத்தில் ஒரு ‘ஹப்பா’, அதாவது ஒரு தானிய மணியளவு வேறுபாட்டையும் அது உணர்த்தும் என்பது அவர் கூற்று. உமர் கய்யாம் நீர்த்தராசு பற்றி எழுதியதையும் அவர் தம் நூலில் சேர்த்துக் காத்திருக்கிறார். நூலின் பகுதிகளை தப்ரீஸில் ரஷ்யத் தூதராக இருந்த கானிகோஃப் 1860ஐ ஒட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டபோது ஐரோப்பியர் வியந்தனர். அரபு மூலம் ஹிஜ்ரி 1359இல் (1940) ஹைதராபாதின் தாயிரத்துல் மஆரிஃப் பதிப்பகத்தில் அச்சேறியது. நீரின் எடையை ஒன்றெனக் கொண்டால், காஸினீயின் அளவீடுகளிலிருந்து பொன்னின் ஒப்படர்த்தி 19.05, ஈயம் 11.32, வெள்ளி 10.30, செம்பு 8.66 எனக் கிடைக்கின்றன. இன்றைய எண்கள் முறையே 19.3, 11.34, 10.5, 8.96. பொன்னிலும் ஈயத்திலும் நெருக்கம் வியப்பூட்டுகிறது. வெள்ளியிலும் செம்பிலும் சற்றே குறைவு. வார்த்த உலோகத்துக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் காரணமாகலாம். இந்தச் சிறு குறை நம் காசுக்கு எத்தனை பெரிதாகிவிடுகிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. மர்வின் தராசு மதரஸாக்களை எட்டியதா? எட்டிய வழி எதுவாயினும், நீர்ச்சோதனை ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறது; அதுவும் ஸகாத் பாடத்தின் நடுவில். பொன்னும் வெள்ளியும் உருகிக் கலந்த ஆயிரம் எடையுள்ள ஒரு பாத்திரம்; ஒன்று 600, மற்றது 400; எது 600 என்று தெரியவில்லை. நெருப்பிலிட்டுப் பிரிக்கலாம், அல்லது பேணுதலாக இரண்டையும் 600 எனக் கொண்டு ஸகாத் கொடுக்கலாம். மின்ஹாஜ் இவ்வளவோடு நிற்கிறது. கதீப் ஷிர்பீனீ (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 977/1570) அவர்களின் ‘முக்னில் முஹ்தாஜ்’ போன்ற விரிவுரைகள் மூன்றாம் வழியைச் சேர்க்கின்றன. ஒரு கலத்து நீரில் ஆயிரம் எடை தூய பொன்னை இட்டு நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு ஆயிரம் எடை தூய வெள்ளியை இட்டு மீண்டும் குறிக்க வேண்டும். வெள்ளியின் கோடு மேலே இருக்கும். பிறகு பாத்திரத்தை இட்டால், நீர் எந்தக் கோட்டுக்கு நெருங்கி நிற்கிறதோ அந்த உலோகமே மிகுதி.

இரண்டின் அளவும் அறவே தெரியாதபோது கையாளும் வழி அதனினும் நுட்பமானது. முதலில் பாத்திரத்தை இட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதை எடுத்துவிட்டு, அதே கோட்டை நீர் எட்டும்வரை தூய பொன்னைச் சிறிது சிறிதாக இட்டு, இட்டதை நிறுக்க வேண்டும். வெள்ளியைக் கொண்டும் அவ்வாறே. பொன் 1200ம் வெள்ளி 800ம் பிடித்தன என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் என்பது இரண்டுக்கும் நட்டநடுவே நிற்பதால் பாதி பொன், பாதி வெள்ளி. ஆனால் இந்தப் பாதி பருமனில் பாதி, எடையில் அன்று என்று விரிவுரை உடனே எச்சரிக்கிறது. எடையில் பொன் 600, வெள்ளி 400. பருமனையும் எடையையும் குழப்பிக்கொள்ளாத இந்தத் தெளிவைக் கண்டு, கணிதம் கற்ற எவரும் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்.

இங்கே ஒரு முரண் கண்ணில் படுகிறது. 1200க்கு 800 என்றால், சம பருமனில் பொன் வெள்ளியைப்போல் ஒன்றரை மடங்கு கனம் என்றாகிறது. காஸினீயின் எண்களின்படியோ அது 1.85 மடங்கு. பிக்ஹு அறிஞர்கள் கையாண்டது கணக்குக்கு வசதியான முழு எண். உண்மையான பொன் 600, வெள்ளி 400 கொண்ட பாத்திரத்தை அவர்கள் முறைப்படி சோதித்தால், பொன் ஏறத்தாழ 1340ம் வெள்ளி ஏறத்தாழ 724ம் பிடிக்கும். ஆனாலும் விடை தவறாது! இவ்விரு எண்களுக்கிடையே ஆயிரத்தின் இடத்தைக் கணக்கிட்டால் மீண்டும் 600ம் 400மே கிடைக்கும். காரணம் வெளிப்படை. அவர்களது முறை எந்த அட்டவணையையும் நம்பவில்லை. கலப்புப் பொருளுக்கு அருகே அசல் பொன்னையும் அசல் வெள்ளியையும் வைத்து ஒப்பிடுகிறது. எடுத்துக்காட்டின் எண் பிசகினாலும் முறை பிசகவில்லை.

இனி இந்த முறையை ஒரு ஸத்தூகாவின்மேல் செலுத்திப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நாம் வகுத்தவை. விட்டம் 25 மில்லிமீட்டர், காற்றில் எடை 2.80 கிராம், நீரில் இழப்பது 0.300 கிராம். பருமன் ஆகவே 0.300 கன சென்டிமீட்டர். அதே பருமனில் தூய வெள்ளி 3.15 கிராம் இருக்கும். தூய செம்பு 2.688 கிராம். காசு செம்பைவிட 0.112 கிராம் கூடுதல். வெள்ளிக்கும் செம்புக்கும் உள்ள இடைவெளி 0.462. முன்னதைப் பின்னதால் வகுக்க 0.242 வரும். பருமனில் ஏறத்தாழ கால்பங்கு வெள்ளி, எடையில் 0.76 கிராம்.

இதுவரை நீர் சொன்னது. நீர் ஒன்றைச் சொல்லவில்லை: இந்தக் கால்பங்கு வெள்ளி காசு முழுதும் கலந்து கிடக்கிறதா, மேலே தோலாகப் படிந்திருக்கிறதா? இரண்டு காசுகளும் நீருக்கு ஒன்றே. அந்த வேறுபாட்டைச் சொல்லக் கூடியது நாம் சற்றுமுன் குறைகூறிய உரைகல்தான். கால்பங்கே வெள்ளியுள்ள கலப்பு உலோகம் கல்லில் சிவப்பேறிய கோட்டை இழுக்கும். கல் தூய வெள்ளியென்றும் நீர் கால்பங்கென்றும் கூறுமாயின், இரண்டும் உண்மையே கூறுகின்றன; பொய் காசிடம் இருக்கிறது. தோலை மட்டும் அறிந்த சாட்சியும் உடல் முழுவதையும் மட்டும் அறிந்த சாட்சியும் முரண்படும் இடத்தில்தான் முலாம் பிடிபடுகிறது.

அது தோல் என்று துணிந்தபின் கனம் காண்பது எளிது. வெள்ளியின் பருமன் 0.0727 கன சென்டிமீட்டர். காசின் இரு முகங்களும் விளிம்பும் சேர்ந்த பரப்பு 10.3 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் 0.007 சென்டிமீட்டர்; அதாவது மில்லிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு, எழுபது மைக்ரான். ஒரு தலைமயிரின் பருமன்! இந்தக் கனம் நீர்நிலைப் பூச்சால் வருவதன்று. செம்பு வில்லையை வெள்ளித் தகட்டால் பொதிந்து, இரண்டும் சந்திக்கும் இடம் இளகிப் பற்றிக்கொள்ளும்வரை சூடேற்றி, அதன்பின் அச்சில் அடிக்கும் பழைய முறையில் வருவது. வெள்ளியும் செம்பும் தனித்தனியே உருகும் வெப்பத்துக்கு மிகக் கீழே, ஏறத்தாழ 780 பாகையிலேயே அவற்றின் கூட்டு இளகிவிடுவதால் இத்தொழில் கைகூடியது. பாதரசத்தில் கரைத்துப் பூசி, பாதரசத்தை நெருப்பில் ஓட்டிவிடும் முறையில் கிடைப்பதோ சில மைக்ரான்களே. ஐந்து மைக்ரான் என்று கொண்டால் நம் காசில் வெள்ளி 0.054 கிராம்தான், அதை நீர்த்தராசு உணராது. ஆனால் அத்தகைய மெல்லிய பூச்சை உரைகல்லே இரண்டாம் உரசலில் கிழித்துவிடும். தடித்த பூச்சு கல்லை ஏமாற்றும், நீரிடம் சிக்கும்; மெல்லியது நீரிடம் தப்பும், கல்லிடம் சிக்கும்.

கணக்கின் பலவீனத்தையும் மறைக்கலாகாது. நீரில் இழப்பை 0.300 என்பதற்குப் பதில் 0.305 என்று படித்துவிட்டால், அதாவது ஐந்து மில்லிகிராம் பிசகினால், பூச்சின் கனம் எழுபதிலிருந்து நாற்பத்திரண்டு மைக்ரானுக்குச் சரிந்துவிடுகிறது. காசின் ஓரத்தில் ஒட்டிய ஒரு காற்றுக் குமிழி போதும் இதற்கு. இதை ஸகாதின் மொழியில் சொல்வதானால், முதற்கணக்கில் இத்தகைய 780 காசுகள் உடையவர்மீது நிஸாப் வந்துவிடுகிறது. இரண்டாம் கணக்கில் ஏறத்தாழ 1300 காசுகள் வேண்டும். பீரூனீ ஏன் துளிகளோடு போராடினார் என்பது இப்போது விளங்கும். விரிவுரையாளர்களின் எடுத்துக்காட்டு ஆயிரம் எடையில் அமைந்ததும் இவ்வகையில் பயனுள்ளது: ஒரே வகைக் காசுகள் நூறு இருந்தால் சேர்த்து நிறுப்பதே முறை, பிசகு நூறில் பங்கிடப்பட்டுவிடும்.

அட்டவணையை நம்புவதன் ஆபத்தும் இங்கே வெளிப்படுகிறது. இதே காசுக்கு இன்றைய எண்களை விட்டு, காஸினீயின் 10.30, 8.66 என்னும் எண்களைப் போட்டால் கனம் ஏறத்தாழ நூற்றிருபது மைக்ரான் என்று வரும். செம்பின் எண்ணில் நூற்றுக்கு மூன்றளவான வேறுபாடு, வெள்ளியின் சிறு வேறுபாட்டோடு சேர்ந்து, முலாமில் நூற்றுக்கு எழுபதாகப் பெருகிவிட்டது. இது காஸினீயின் மேதைமையைக் குறைப்பதன்று. பொன்னும் வெள்ளியும் போல எட்டத்தில் நிற்கும் இரண்டுக்கிடையே அவர் எண்கள் நன்கு உழைக்கும். வெள்ளியும் செம்பும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பவை. இவ்விடத்தில் புகழ்பெற்ற அட்டவணையைவிட, அசல் உலோகத்தை அருகில் வைத்து நிறுக்கச் சொன்ன ஃபிக்ஹு விரிவுரையே பாதுகாப்பான வழிகாட்டி என்பது நம் துணிபு.

கள்ளனும் சும்மா இருக்கவில்லை. நீர்ச்சோதனை தெரிந்தவனுக்கு அதை வெல்லும் வழியும் தெரியும். வெள்ளியைவிடச் செம்பு இலேசு, ஈயம் கனம். எடையில் ஏழு பங்கு ஈயமும் மூன்று பங்கு செம்பும் சேர்த்தால் அக்கூட்டின் அடர்த்தி வெள்ளியின் அடர்த்தியோடு ஏறத்தாழ பொருந்திவிடும். அதன்மேல் வெள்ளித் தகட்டைப் போர்த்தினால் கல்லும் ஏமாறும், நீரும் ஏமாறும். இரு உலோகங்களே உள்ளன என்று தெரிந்தால்தான் ஒரே அளவீட்டிலிருந்து பங்கு காண முடியும். மூன்றாவது புகுந்தால் விடைகள் எண்ணற்றவை. ஆனால் ஈயம் சேர்ந்த காசு கல்தரையில் போட்டால் மணிபோல ஒலிக்காது. நாணயமாற்று வணிகர் காசைச் சுண்டிப் பார்ப்பது வெறும் பழக்கம் அன்று.

எதிர்த்திசையிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. செம்பு மிகுந்த வெள்ளி வில்லையைக் காய்ச்சி, புளிப்போ உப்போ கலந்த கரைசலில் இட்டால் மேற்பரப்பிலுள்ள செம்பு மட்டும் கரைந்துபோய், வெள்ளி மிகுந்த வெண்தோல் மிஞ்சும். மண்ணில் நூற்றாண்டுகள் புதைந்து கிடந்தாலும் இதுவே நிகழும். இதை எவரும் பூசவில்லை. காசே தன் தோலை உண்டாக்கிக்கொள்கிறது. இன்று அருங்காட்சியகங்களில் பயன்படும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி நொடிகளில் காசின் உலோகப் பங்கைத் திரையில் காட்டுகிறது. ஆனால் வெள்ளியில் அது காண்பது மேலேயுள்ள சில பத்து மைக்ரான்களை மட்டுமே. நவீனமான உரைகல் என்று அதைச் சொன்னால் மிகையன்று. மதுரை சுல்தான்கள் (1335-1378) வெளியிட்ட வெள்ளி-செம்புக் கலப்புக் காசுகள் போன்றவற்றை ஆராய்வோர் அக்கருவியின் எண்ணை அப்படியே ஏற்றால், அக்கசாலை இட்டதைவிட அதிக வெள்ளியை எழுதிவைத்துவிட நேரும். ஆகவேதான் கவனமுள்ள ஆய்வாளர் இன்றும் காசை நீரில் நிறுத்து, இரு எண்களையும் அருகருகே எழுதுகின்றனர். அவை பொருந்தாத காசைத் தனியே எடுத்து, விளிம்பில் எங்கேனும் தோல் வெடித்துப் பச்சைக் களிம்பு கசிந்திருக்கிறதா என்று தேடுகின்றனர். வெடிப்பு இருந்தால் நுண்ணோக்கியை அங்கே வைத்துப் பூச்சின் கனத்தை நேரடியாகவே அளந்துவிடலாம்.